பதில் சொன்னதால் போன வீடு

“நீங்க கேட்டதுக்கெல்லாம் ஒளிக்காம பதில் சொன்னேம்மா, அதுலதான் வீடு போச்சு” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கியபோது, இரு தரப்பும் கையெழுத்திட்ட உடன்படிக்கை என் மேசை மேல் இருந்தது. குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன். அண்ணன் தம்பிக்கு இடையே பாகப்பிரிவினை வழக்கு. அப்படிச் சொன்னவர் தம்பி. பூர்வீக வீடு ஒன்று. இருவருக்கும் அதுதான் வேண்டும். இரு தரப்பையும் பேசவைத்து வழக்கை முடிக்க உதவும் சமரசர் நான். இதற்கு மேல் அடையாளம் சொல்லச் சமரசருக்கு உரிமை இல்லை. சொல்வதிலும் சிலவற்றை மாற்றியே சொல்கிறேன்.

தனி அமர்வில் தம்பியிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். “வீடு வேண்டும் என்கிறீர்கள். அந்த வீட்டில் உங்களுக்கு எது வேண்டும்?” வீடுதான் வேண்டும் என்றார். மறுபடியும் கேட்டேன், அதே பதில். மூன்றாவது முறை கேட்டபோது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மா கடைசி மாதங்களில் படுத்திருந்த கூடத்தைப் பற்றியும், அவருக்குத் திதி கொடுப்பதென்றால் அந்தக் கூடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று தனக்கு இருக்கும் எண்ணத்தைப் பற்றியும் சொன்னார். அண்ணனிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டு, தம்பி சம்மதித்த பிறகே சொன்னேன். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்தது. வீடு அண்ணனுக்கு, மதிப்பில் பாதித் தொகை தம்பிக்கு, திதியை அந்தக் கூடத்தில் கொடுக்கும் உரிமையும் தம்பிக்கு.

அந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது மேரி பார்க்கர் ஃபாலட்டிடமிருந்து. 1868-இல் பாஸ்டனுக்கு அருகே குயின்சியில் பிறந்து, பெண்களுக்கு ஹார்வர்ட் பட்டம் கொடுக்காத காலத்தில் அதன் ஓரத்தில் இருந்த மகளிர் கல்விக்கூடத்தில் படித்து, பல்கலைக்கழகப் பதவி எதிலும் அமராமலே பிணக்குத் தீர்வு என்ற துறைக்கு அடித்தளம் இட்டவர் அவர். பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் பள்ளிக் கட்டடங்களை மாலை நேரத்தில் மக்கள் கூடும் இடங்களாக்கியும், குறைந்தபட்சக் கூலியை முடிவு செய்யும் குழுக்களில் அமர்ந்தும், முதலாளியும் தொழிலாளியும் பேசுவதை அருகிலிருந்து கேட்டவர். 1925-இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில், சச்சரவை முடிக்க மூன்று வழிகள் உண்டு என்றார்: ஒருவர் மற்றவரை அடக்குவது, இருவரும் விட்டுக்கொடுப்பது, இருவர் விருப்பமும் குறைபடாமல் இடம்பெறும் புதிய வழியைக் காண்பது. மூன்றாவதற்கு அவர் காட்டிய உதாரணம் ஹார்வர்ட் நூலகத்துச் சன்னல். ஒருவர் திறக்கச் சொல்கிறார், ஃபாலட் மூடச் சொல்கிறார். ஆளில்லாத அடுத்த அறையின் சன்னலைத் திறக்கிறார்கள். அவருக்கு வேண்டியது காற்று. இவருக்கு வேண்டியது வாடைக்காற்று நேராக மேலே படாமல் இருப்பது.

சமரசர்களுக்கான நாற்பது மணி நேரப் பயிற்சியில் நான் கேட்ட இதே சன்னல் கதையில் ஒரு நூலகர் வருவார். 1981-இல் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் பேச்சுவார்த்தை பற்றி எழுதிய புத்தகத்தில் அந்த நூலகர் உள்ளே வந்து, ஏன் என்று இருவரையும் கேட்டு, பிறகு அடுத்த அறைச் சன்னலைத் திறக்கிறார். ஃபாலட் சொன்ன மூலக்கதையில் நூலகரே இல்லை. அறையில் இருந்த இருவரும் தாங்களே பேசிக் கண்டுபிடித்தார்கள். இந்த வேறுபாட்டைப் பல வருடங்களாக ஒரு சிறு தகவலாக மட்டுமே என் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன்.

நூலகர் இருவரையும் கேட்டார். நான் தம்பியை மட்டும் மூன்று முறை கேட்டேன். அண்ணன் முதல் நாளே அழுத்தமாகப் பேசியதால், அவருக்கு அந்த வீட்டில் எது வேண்டும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மனத்தைத் திறந்தவருக்கு அதில் ஒரு பகுதி கிடைத்தது. திறக்காதவருக்கு முழு வீடும் கிடைத்தது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் வேறு என்ன நடந்திருக்கும் என்றும் நினைத்துப் பார்க்கிறேன். பிரிக்க முடியாத வீடு என்றால் 1893-ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றம் அதை விற்கச் சொல்லலாம், அல்லது ஒரு பங்குதாரர் மதிப்பைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பணம் இருந்தது அண்ணனிடம். ஆகவே வழக்கு இன்னும் பல வருடம் நடந்திருந்தாலும் வீடு தம்பிக்கு வந்திருக்காது, கூடமும் வந்திருக்காது. இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் விடை எனக்குச் சாதகமாகவே வருகிறது. அதனாலேயே அதை நம்பத் தயக்கமாக இருக்கிறது. தீர்ப்பில் தோற்றிருந்தால் அவர் நீதிபதியைக் குறை சொல்லியிருப்பார், மேல்முறையீடு செய்திருப்பார். மனமொத்துப் பெற்ற தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. தன் பதிலைத் தவிர அவர் குறை சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

அதே 1925 உரையில், எல்லாப் பிணக்கையும் இப்படித் தீர்க்க முடியாது என்று ஃபாலட் தாமே ஒப்புக்கொள்கிறார். அதற்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, பழைய குடும்ப வீட்டை இரண்டு மகன்களும் கேட்பது. அந்த வரியை வகுப்பில் நான் படித்துக் காட்டியதே இல்லை. சன்னல் கதையின் வெளிச்சத்தை அது மங்கச் செய்துவிடும் என்று எண்ணியிருக்க வேண்டும். அது நினைவில் இருந்திருந்தால், மூன்றாவது முறை கேட்பதற்கு முன் நிறுத்தி, “ஐயா, இதில் ஒருவருக்கு இழப்பு இருக்கும், அது நீங்களாகவும் இருக்கலாம்” என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

நம் தொழிலின் பெயரே சமரசம். விட்டுக்கொடுப்பதற்கும் அதே சொல், இருவர் மனமும் நிறைவதற்கும் அதே சொல். ஃபாலட் இவ்விரண்டையும் பிரித்து வைத்தார். விட்டுக்கொடுத்து முடித்த பிணக்கு வேறு வடிவில் திரும்பி வரும் என்று எச்சரித்தார். நான் கொடுத்தது இவற்றில் எது என்று தம்பியிடம் கேட்டிருந்தால், அவர் தயங்காமல் சொல்லியிருப்பார்.

உடன்படிக்கையின் ஐந்தாம் பத்தி திதி பற்றியது. “வருடந்தோறும் திதி நாளில் தம்பியைக் கூடத்தில் அனுமதிக்க அண்ணன் சம்மதிக்கிறார்” என்று தட்டச்சாகியிருந்தது. தம்பி தாளை வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். “அனுமதிக்க” என்ற இடத்தில் விரல் நின்றது. நான் பார்த்தேன். “தம்பி வந்து திதி கொடுப்பார்” என்று மாற்ற இரண்டு நிமிடம் போதும். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது, அண்ணன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். தம்பியின் விரல் அடுத்த வரிக்கு நகரும் வரை நான் காத்திருந்தேன்.