நாற்றங்காலில் எத்தனை முடி இருக்கு?

முன்நெற்றி ஏறத் தொடங்கியபோது எனக்கு வயது 27. முடி நட்டுக்கொண்டது 34-ல். இடைப்பட்ட ஏழு வருடத்தில் வெங்காயச் சாறு, கருஞ்சீரக எண்ணெய், தெரிந்தவர் கொடுத்த ஏதோ பச்சைத் தைலம் எல்லாம் தலையில் ஊற்றியாயிற்று. தலையணை உறை மட்டும் நன்றாக ஊறியது.

இப்போது ஆபீஸில் யாராவது தனியே கூப்பிட்டு, "எங்கே பண்ணீங்க, எவ்வளவு ஆச்சு?" என்கிறார்கள். 2,200 கிராஃப்ட், அதாவது வேரோடு பெயர்த்து நடும் குட்டி முடிக்கொத்து; 1,10,000 ரூபாய் ஆனது. சரி, அது தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அதற்கு முன்னால் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் முதலில் போன இடத்தில் டாக்டரைப் பார்க்கவே முடியவில்லை. கோட் போட்ட கவுன்சலர் ஒருவர் பென்சிலால் என் நெற்றியில் கோடு கிழித்தார், புருவத்துக்கு மூன்று விரல்கடை மேலே. என் கல்லூரி ஐடி கார்டில்கூட அவ்வளவு கீழே முடி கிடையாது. "4,000 கிராஃப்ட் சார், ஒரே நாள்ல முடிச்சிடலாம். இன்னைக்கே அட்வான்ஸ் போட்டா 20 பர்சென்ட் ஆஃபர்." கண்ணாடியில் அந்தக் கோட்டைப் பார்த்து மயங்கி நானும் போனை எடுத்துவிட்டேன். அன்றைய யுபிஐ லிமிட் தீர்ந்திருந்ததால் தப்பித்தேன்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன், மன்னார்குடிப் பக்கம். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "நாத்தங்கால்ல எத்தனை முடி இருக்குன்னு பாத்தானாடா?" பறித்த நாற்றைக் கட்டும் கட்டுக்கு எங்கள் பக்கம் பெயரே முடிதான். சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், அந்த கவுன்சலர் என் பின்மண்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தச் சிகிச்சையில் புது முடி எதுவும் உருவாவதில்லை. ஆண்களுக்கு வரும் வழுக்கைக்குப் பரம்பரையும் டிஹெச்டி என்ற ஹார்மோனும் காரணம். உச்சியிலும் முன்னாலும் உள்ள வேர்களை அது சுருக்கிவிடும். பின்மண்டை வேர்கள் பெரும்பாலும் அதற்கு மசியாது. அவற்றைப் பெயர்த்து முன்னால் நட்டாலும் பிறந்த இடத்துக் குணத்தை விடாது என்று நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950-களில் காட்டினார். இந்தத் தொழிலே அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் நாற்றங்காலில் அடுத்த வருடம் மறுபடி விதை தெளிக்கலாம். பின்மண்டையில் பறித்த இடம் பறித்ததுதான்.

ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நாலு முடி வரை இருக்கும். கடைசியில் நான் தேர்ந்தெடுத்த டாக்டர் லென்ஸ் வைத்துப் பின்மண்டையை இன்ச் இன்ச்சாகப் பார்த்துவிட்டு, என் ஆயுசுக்கும் சேர்த்து 5,000-க்கு மேல் எடுக்கக் கூடாது என்றார். முதல் இடத்தில் 34 வயதிலேயே 4,000-ஐ அள்ளியிருப்பார்கள்.

அடுத்து அவர் கேட்டது, "அப்பா தலை எப்படி? தாய்மாமன் தலை எப்படி?" அப்பாவுக்கு முன்னால்தான் போயிருக்கிறது. மாமாவுக்கோ காதுக்கு மேல் ஓரம் கட்டினாற்போல் ஒரு விளிம்பு, அவ்வளவுதான். "அப்போ உங்க மாமா தலைக்கும் சேர்த்துத்தான் பிளான் பண்ணணும்" என்று கோட்டை நன்றாக மேலே ஏற்றிப் போட்டார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. 55 வயதில் உச்சியெல்லாம் உதிர்ந்து, முன்னால் மட்டும் வரப்பு மாதிரி ஒரு வரி நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

உடனே நடவும் இல்லை. எட்டு மாதம் மருந்து. தினம் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு, தலையில் மினாக்சிடில். நட்ட முடி நிற்கும், பக்கத்தில் இருக்கும் சொந்த முடி உதிர்ந்துகொண்டேதான் போகும். அதைப் பிடித்து வைக்கத்தான் மருந்து. நட்ட பிறகும் நிறுத்தக் கூடாது. நான் இன்னும் சாப்பிடுகிறேன். ஃபினாஸ்டரைடால் சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம், மனச்சோர்வு வரலாம், கர்ப்பமாக இருப்பவர்கள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது என்று அவரே முன்கூட்டிச் சொன்னார். என் சித்தி பையனுக்கு 22 வயது. "அண்ணா, நானும் பண்ணிக்கவா?" என்று கேட்டான். அந்த வயதில் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்றே தெரியாது. முதலில் டாக்டரைப் பார்த்து மருந்தைத் தொடங்கு என்று சொல்லி அனுப்பினேன்.

யார் கத்தியை எடுக்கிறார்கள் என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். 2016-ல் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் முடி நட்டுக்கொண்ட பிறகு இறந்துபோனார். அந்த இடம் சலூன் உரிமத்தில் நடந்தது என்று அப்போது செய்தி வந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு பெற்ற டாக்டர்தான் இதைச் செய்ய வேண்டும், பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது போதாது என்கிறது. யூடியூபைப் பெயர் சொல்லி எழுத வேண்டி வந்திருக்கிறது, பாருங்கள். மரத்துப்போகப் போடும் லிக்னோகெயினுக்கும் உடல் எடையைப் பொறுத்து உச்ச அளவு உண்டு. எடை பார்க்காமல் ஊசியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அன்றைக்கு வலித்தது அந்த ஊசி மட்டும்தான். நெற்றி ஓரத்தில் பத்துப் பதினைந்து குத்து, ஒவ்வொன்றுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு குப்புறப் படுத்து, மெத்தையில் இருந்த ஓட்டையில் முகத்தைப் புதைத்து மூன்று மணி நேரம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வாயுள்ள குழல் ஒவ்வொரு வேரையும் சுற்றி வெட்டும்போது மண்டைக்குள் கரகரவென்று கேட்கும். வலி இல்லை, சத்தம் மட்டும். எடுத்ததைக் குளிர்ந்த உப்புநீரில் வரிசையாக வைத்திருந்தார்கள். தயிர்சாதம் சாப்பிடப் போகும்போது காட்டினார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாகக் குட்டி வேர். நாற்றேதான்.

வீக்கம் மூன்றாம் நாள் நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கியது. வீடியோ காலில் பார்த்த அம்மா, "யாருடா அடிச்சா?" என்று அலறினாள். இரண்டு நாளில் தானாக வடிந்துவிட்டது. ஒரு வாரம் தலையை உயர்த்தி வைத்துத்தான் தூக்கம். பத்து நாளில் பொருக்கு உதிர்ந்தது. மூன்று வாரம் ஹெல்மெட் போடக் கூடாது என்றதால் பைக்கைப் பூட்டிவிட்டு பஸ்.

அடுத்த வாரம் குளிக்கும்போது நட்ட முடியெல்லாம் கையோடு வந்தது. இது நடக்கும், வேர் உள்ளேதான் இருக்கும் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இருந்தாலும் பாத்ரூமில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் மாதத்தில் முன்பைவிட மோசமாக இருந்தேன். அந்த மாதத்தில் கல்யாணம், பாஸ்போர்ட் போட்டோ எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நாலாம் மாதம் பூனைமுடி மாதிரி எட்டிப் பார்த்தது. பத்தாவது மாதம் முதல்முறையாகச் சீப்பு தேவைப்பட்டது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் சந்திப்பிலேயே அந்த டாக்டர், "கோயிலுக்கு மொட்டை போடுற பழக்கம் உண்டா?" என்று கேட்டார். தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் முறையில் பின்னால் நீளமாக ஒரு தழும்பு நிற்கும், மொட்டை அடித்தால் பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றாக எடுக்கும் எஃப்யூஇ முறையில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்தான். இல்லை சார், சும்மா எதற்கும் எஃப்யூஇயே இருக்கட்டும் என்றேன்.

ஒரு வருடம் முடிந்ததும் அம்மா போன் பண்ணினாள். "உனக்கு முடி நல்லா வளந்தா வைத்தீஸ்வரன்கோயில்ல மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டேன்டா." பதறிப்போய் டாக்டரிடம் கேட்டேன். வேர் ஊன்றிவிட்டது, தாராளமாகப் போடுங்கள், திரும்ப வளரும் என்று சிரித்தார்.

மொட்டை அடித்த அண்ணன் பின்மண்டைக்கு வந்ததும் கத்தியை நிறுத்தினார். "என்ன தம்பி, புள்ளி புள்ளியா இருக்கு? அம்மை போட்டிருந்துச்சா?"

"ஆமாண்ணே" என்றேன். அம்மா பக்கத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.