ராகிக் கதிருக்கு எத்தனை விரல்?

போன ஐப்பசியில் ஒரு நாள் மதியம் பிள்ளைகளிடம் ராகிச் செடி வரையச் சொன்னேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. ஆசிரியர்கள் இரண்டு பேர். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் என்னிடம். ஒரே அறை, மொத்தம் 19 பிள்ளைகள். பள்ளிக்கு ஒரு பக்கம் மாந்தோப்பு, மறுபக்கம் ராகிக் கொல்லை. ஜன்னலைத் திறந்தால் கதிர் தெரியும். ராத்திரி களி கிண்டாத வீடு ஊரில் குறைவு.

ஆனாலும் வந்த படங்களில் ஒன்றுகூட ராகியாக இல்லை. பாதிப் பேர் நெற்கதிர் போலத் தலை சாய்ந்த ஒன்றை வரைந்திருந்தார்கள். சிலர் ஒரு மரத்தைப் போட்டு அதில் உருண்டை உருண்டையாகக் காய் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டில் களியும் பக்கத்தில் கீரைக் குழம்பும் வரைந்து கொடுத்தான். அதை நான் குறை சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த ராகி அதுதான்.

கொல்லைக்காரரிடம் போய்க் கேட்டு, மறுநாள் ஆளுக்கொரு கதிர் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்து வரையச் சொன்னதும்தான் பேச்சு கிளம்பியது. "டீச்சர், இது கை மாதிரி இருக்குது." "என்னுதுல அஞ்சு விரலு, அவளுதுல ஏழு." "இது விரிச்ச கை, அது மூடுன கை." ஆங்கிலக்காரர்கள் இந்தத் தானியத்துக்கு விரலை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அவர்களுக்கு ஒரே பெருமை, தாங்களே கண்டுபிடித்துவிட்டதாக. கண்டுபிடித்ததும் உண்மைதானே.

சரி, எல்லாக் கதிரையும் எண்ணிவிடலாம் என்று கரும்பலகையில் எழுதினோம். ஐந்து விரல் உள்ள கதிர் 5, ஆறு விரல் 8, ஏழு விரல் 4, எட்டு விரல் 2. அதைச் சார்ட்டில் கோடு போட்டு, ராகி மணிகளைப் பசையில் ஒட்டிப் பட்டை பட்டையாக உயர்த்தினோம். பட்டை வரைபடம் என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஆறு விரல்தான் ரொம்ப உசரம்" என்று நாலாம் வகுப்பில் ஒருத்தி சொன்னாள். வழக்கமாகக் கணக்கு என்றாலே நோட்டைப் பைக்குள் தள்ளுகிற பெண் அவள்.

அன்றிலிருந்து எந்தக் கைவேலையைத் திட்டமிட்டாலும் என்னையே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாடம் புரியாமலேயே இதை அழகாக முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அது பாடத்தின் ஓரத்தில் தைத்த சரிகை. முடியாது என்றால் அதுதான் எனக்கு வேண்டியது. அச்சடித்த மாம்பழத்துக்கு மஞ்சள் பூசச் சொல்லும் தாள்களை அதனால்தான் விட்டுவிட்டேன். கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்குப் பெங்களூராவின் மூக்கும் செந்தூராவின் சிவப்புக் கன்னமும் தெரியும். ஒரே வடிவம், ஒரே மஞ்சள் என்று கொடுத்தால் தெரிந்ததையும் அவர்கள் மறக்க வேண்டும்.

இது புதிதாக முளைத்த யோசனை இல்லை. என் அப்பா படித்தது ஆதாரப் பள்ளியில். 1937-இல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்த திட்டம் அது. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதிலிருந்தே கணக்கும் மற்றப் பாடங்களும் கிளைவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. அப்பா தக்ளி என்ற கைக்கதிரில் நூல் நூற்றிருக்கிறார். நூற்றதை அளந்து, எண்ணி, நோட்டில் எழுதி, நேற்றைவிட இன்று எவ்வளவு கூடுதல் என்று கழித்துப் பார்ப்பார்களாம். நூல் அறுந்தால் எண்ணிக்கையை எங்கே விட்டோம் என்று நினைவில் வைத்திருக்க வேண்டுமாம். இன்றைக்கும் மளிகைக் கணக்கை அவர் மனசிலேயே கூட்டிவிடுவார்.

2022-இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புகளில் பாட்டும் கதையும் கைவேலையும் பாடத்துக்குள்ளேயே வந்துவிட்டன. நல்ல விஷயம். தொடக்கப் பள்ளியில் ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் கிடையாது. எல்லாப் பாடமும் ஒரே ஆள்தான். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கோ அது வசதி. கணக்கு எங்கே முடிந்தது, படம் எங்கே தொடங்கியது என்று நடுவில் மணி அடித்துப் பிரிக்க யாரும் இல்லை.

மார்கழியில் கோலம் போட்டோம். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மாவைப் பள்ளிக்கு அழைத்திருந்தேன். "நானே அஞ்சாவதுதான் படிச்சிருக்கிறேன் டீச்சர், நான் என்னத்தைச் சொல்லித் தர்றது" என்று முதலில் தயங்கினார். வாசல் தெளித்து, குனிந்து மாவை எடுத்ததும் தயக்கம் போய்விட்டது. நேர்ப்புள்ளி, நடுவில் 7, மேலும் கீழும் 5, 3, 1 என்று குறைத்துக்கொண்டே போய் நிறுத்தினார். மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன். ஒவ்வொன்றாக எண்ணி 25 என்றார்கள்.

அப்புறம் ஒரு வேலை சொன்னேன். ஓரத்துப் புள்ளிகளின் மேல் எல்லாம் செம்மண் வையுங்கள். வரிசைக்குள்ளே ஒன்று செம்மண், அடுத்தது வெள்ளை என்று மாற்றிக்கொண்டே போங்கள். முடித்துவிட்டு எண்ணினார்கள். சிவப்பு 16, வெள்ளை 9. "கழுத்தைச் சாய்த்துப் பாருங்கள்" என்று நான் சொல்வதற்குள் ஒரு பையன் தானே சாய்த்துவிட்டான். "டீச்சர், நாலுக்கு நாலு கட்டம் தெரியுது! உள்ளாற மூணுக்கு மூணு!" எல்லாரும் தலையைச் சாய்த்துக்கொண்டு கோலத்தைச் சுற்றி வந்தார்கள். சாய்ந்து நிற்கிற ஒரு சதுரம், அதன் இடைவெளிகளில் இன்னொரு சின்னச் சதுரம். நான்கின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் வாசலில் கிடந்தன. உடனே 5-இல் தொடங்கும் கோலத்தைப் போட்டு 9, 4 என்று பிரித்தார்கள், மொத்தம் 13. ஒன்பது புள்ளிக் கோலத்துக்கு எத்தனை வரும் என்பதைப் போடாமலேயே இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்: 25-உம் 16-உம், ஆக 41.

இடைப்புள்ளி என்றால் அடுத்த வரிசைப் புள்ளி இரண்டு புள்ளிக்கு நடுவில் வரும். அதை நடுவில் 7-இல் தொடங்கி மேலும் கீழும் 4-இல் நிறுத்தினால் 37 புள்ளி வரும், வடிவம் அறுகோணம். அதைப் பார்த்து "தேன்கூடு" என்றார்கள். கோலம் போட்ட அம்மா கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். "இத்தனை வருசமா போடுறேன், இப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை" என்றார். அவர் மகள் அன்றைக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

சரியாக வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்பு வேலை பார்த்த பள்ளியில் கண்காட்சிக்காக அணையின் மாதிரி ஒன்று செய்தோம். தெர்மோகோல், நீலப் பெயின்ட், பிளாஸ்டிக் புல் எல்லாம் வாங்கினேன். வெட்டியது நானும் இரண்டு பிள்ளைகளின் அண்ணன்மாரும். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். வந்தவர்களில் ஒருவர், "இந்தத் தண்ணி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்ததில் அவர்கள் கை படவே இல்லை, அப்புறம் எப்படித் தெரியும்? அந்த மௌனம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இந்தப் பள்ளியில் ஆற்றை மண்ணில் செய்தோம். எங்கள் ஊர் ஆறு எது என்று கேட்டதற்குப் பாதிப் பேர் "காவேரி" என்றார்கள். ஊர்ப் பெயரில் காவேரி இருக்கிறதே! காவிரி ஓடுவது ஒகேனக்கல் பக்கம். காவேரிப்பட்டணத்தைத் தொட்டுப் போவது தென்பெண்ணை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, பிறகு நம் ஊர், திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர்ப் பக்கம் கடல். 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். இத்தனையையும் பள்ளி முற்றத்தில் எட்டடி நீளத்துக்கு மண் குழைத்துச் செய்தார்கள். ஊர்களுக்குக் கூழாங்கல் வைத்தார்கள். நந்தி மலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினோம்.

தண்ணீர் ஓசூர் தாண்டவில்லை. அங்கேயே தேங்கி, பெங்களூர்ப் பக்கமே திரும்பி வந்தது.

மலையை உயர்த்தினார்கள், போதவில்லை. கடலூரைத் தாழ்த்த வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். தாழ்த்தியதும் கிருஷ்ணகிரியில் கொஞ்சம் நின்றுவிட்டு மெல்ல நகர்ந்தது. "நிக்குற எடத்துல அணை கட்டலாம் டீச்சர்" என்றான் ஒருவன். அவன் சொன்ன இடமும் கிருஷ்ணகிரி அணை இருக்கும் இடமும் கிட்டத்தட்ட ஒன்று. அன்று எல்லார் சட்டையிலும் சேறு. அம்மாமார்களிடம் மறுநாள் நானே பேசிக்கொண்டேன்.

நிறங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். க்ரேயான் பெட்டி எல்லாரிடமும் இருக்காது, அதனால் மஞ்சள் தூள், செம்மண், அடுப்புக்கரி, செம்பருத்திப் பூ ஊறிய தண்ணீர் இவைதான் எங்கள் வண்ணங்கள். மஞ்சள் பூசிய தாளில் சோப்புத் தண்ணீர் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். செம்பருத்தித் தண்ணீர் எலுமிச்சையில் சிவக்கும், சோப்பில் பச்சைக்குத் திரும்பும். அமிலம், காரம் என்ற சொற்களை அதற்குப் பிறகு சொன்னால் போதும். சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. வரைந்த தாள்களை வெயிலில் ஒரு வாரம் போட்டு வைத்தோம். மஞ்சள் வெளுத்துவிட்டது. செம்மண்ணும் கரியும் அப்படியே இருந்தன. பர்கூர்ப் பக்கம் மல்லபாடியில் பாறை மேல் வெள்ளை நிறத்தில் தீட்டிய மிகப் பழைய ஓவியங்கள் இருப்பதை அப்போது சொன்னேன். அவை ஏன் அழியவில்லை என்று யாரும் கேட்கவில்லை. "அவங்க மஞ்சத்தூள்ல வரையல" என்று பதில்தான் வந்தது.

தை மாதம் நடுகல் செய்தோம். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் வேடியப்பன் கோயில் உண்டு. பல இடங்களில் வேடியப்பனாகக் கும்பிடுவது நடுகல்லைத்தான். பூசாரி ஐயாவிடம் கேட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு, பிறகு பார்த்தார்கள். கையில் வில், இடுப்பில் கத்தி. ஆநிரைகளை மீட்கப் போய் இறந்தவர்களுக்குக் கல் நட்ட கதையைச் சொன்னேன். நம் தகடூர் அதியமான் இறந்தபோது அவனுக்கு நட்ட கல்லுக்கு மயில் பீலி சூட்டினார்கள், அதை ஔவை பாடியிருக்கிறார் என்றும் சொன்னேன். நெல்லிக்கனி ஔவையா என்று கேட்டார்கள். ஆமாம், அவரேதான்.

அவர்களை மிகவும் பிடித்துக்கொண்டது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்தான். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. நாய்க்குப் பெயர் போட்டுக் கல் வைத்தார்கள் என்றதும் வகுப்பு அடங்கிப்போனது.

ஏரிக் களிமண்ணில் ஆளுக்கொரு கல், ஒரு சாண் உயரம். யாருக்காக என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும். உருவத்தோடு இரண்டு வரி எழுத வேண்டும்: யார், என்ன செய்தார். கோழி இறகை மயில் பீலியாகச் செருகினார்கள். ஒருத்தி தன் பாட்டிக்கு வைத்தாள், மாந்தோப்பில் கூலி வேலை செய்து பேத்தியை வளர்க்கிறவர். உயிரோடு இருக்கிறவருக்கு வைக்கக் கூடாது என்று பக்கத்துப் பெண் சண்டைக்கு வந்தாள். களிமண்தானே, வைக்கலாம் என்று இரண்டு பேரும் பேசி முடித்துக்கொண்டார்கள். நான் குறுக்கே போகவில்லை.

நாய்க்கு வைத்த பையன் எழுதும்போது மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைக்கவில்லை. ஈர மண்ணில் ஈர்க்குச்சியால் குத்தினால் ஓட்டை விழுகிறது என்றான். திருத்தப் போனவள் நிறுத்திக்கொண்டேன். பழைய கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இருக்காது. அதைச் சொன்னதும், "அப்ப எப்படி டீச்சர் படிச்சாங்க?" என்றார்கள். வைத்துப் பார்ப்போம் என்று எல்லாரையும் புள்ளியில்லாமல் ஒரு வரி எழுதி மாற்றிக்கொள்ளச் சொன்னேன். 'அமமா கடைககுப போனாள' எளிதாக வந்துவிட்டது. ஒரு சீட்டில் 'எனககு பல வலி' என்று இருந்தது. பல் வலியா, பல வலியா என்று அரை மணி நேரம் வாதம். எழுதியவள் வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் மூன்றாம் வகுப்புப் பையன், களித்தட்டு வரைந்தவன்தான், எழுந்து அவள் அருகில் போனான். கன்னத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, "வீங்கியிருக்குது, பல்லுதான்" என்றான்.