ஊரைச் சுத்திக் காட்டப் போய்

ஜெர்மனியிலிருந்து வந்த ஆறு மாணவர்களுக்கு ஈரோட்டைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு எங்கள் வகுப்புக்கு வந்தது. சரி, மால், சினிமா என்று ஒரு நாளை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தோம். அவர்களில் ஒரு பையன் வண்டியில் ஏறியதுமே "ராமானுஜன் பிறந்த ஊர்தானே இது?" என்று கேட்டுவிட்டான். கும்பகோணம் என்று சொல்ல வாயெடுத்தவளை நல்லவேளை பக்கத்திலிருந்தவள் கிள்ளினாள். 1887-இல் அவர் பிறந்தது இங்கே, அம்மா வழிப் பாட்டி வீட்டில்.

மஞ்சள் மண்டியில்தான் அதிக நேரம் போனது. விரலி எது, கிழங்கு எது என்று காட்டிய பெரியவர் ஒரு விரலியை டக்கென்று ஒடித்து உள்நிறத்தைக் காட்டி, "வேக வெச்சு, காய வெச்சு, அப்புறந்தான் மெருகு போடோணும் கண்ணு" என்றார். அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை மட்டும் கெத்தாகச் சொன்னேன். எல்லோருக்கும் கையெல்லாம் மஞ்சள், ஒருத்தி கன்னத்திலும் பூசிக்கொண்டாள்.

அப்புறம் காலிங்கராயன் வாய்க்கால். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது, இன்னும் வயலுக்குத் தண்ணீர் போகிறது என்றதும் நம்பவில்லை. ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்றார்கள். பாம்பு போன தடத்தில் வெட்டினார்கள் என்ற கதையைச் சொன்னேன், மேட்டைச் சுற்றித்தானே தண்ணீர் போகும் என்று அந்தக் கணக்குப் பையன் சிரித்தான் (அவன் சொன்னதும் சரிதான்).

மதியம் பள்ளிபாளையம் சிக்கன். மிளகாயை ஒதுக்கிவிட்டுத் தேங்காய்ச் சில்லை மட்டும் பொறுக்கித் தின்றார்கள். மீதி எங்களுக்கு.