ஸ்கார்பரோ வீட்டில் குளிர் நுழையும் வழியும், அதை அடைக்கக் கிடைக்கும் காசும்

ஜனவரியில் கூரை விளிம்பில் ஈட்டி ஈட்டியாய்ப் பனிக்கட்டி தொங்கினால், அந்த வீடு அற்றிக் (கூரைக்குக் கீழுள்ள வெற்றிடம்) வழியாகச் சூட்டை இழக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கேஸ் எரித்து உண்டாக்கிய வெப்பம் மேலேறிக் கூரைப் பனியை அடியிலிருந்து உருக்குகிறது. உருகிய தண்ணீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைகிறது. கனடாவின் ரொறன்ரோவில், 1950, 60களில் கட்டிய ஸ்கார்பரோ பங்களோக்களில் இது சாதாரணம். இப்படியான வீட்டை வாங்கிய எங்கள் தமிழ் ஆட்கள் முதலில் ஓடுவது யன்னல் மாற்றுவதற்கு. அந்தக் காசை அற்றிக்கில் போட்டால் பலன் கூட, செலவும் குறைவு.

உதவித்தொகைகளில் எது இருக்கிறது, எது முடிந்தது என்பதில் நிறையக் குழப்பம். மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியம் (5,000 டொலர் வரை) 2021 இல் தொடங்கியது. 2024 பெப்ரவரியில் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டார்கள். 40,000 டொலர் வரையான வட்டியில்லாக் கடனுக்கும் 2025 ஒக்டோபர் 1 உடன் கதவு மூடப்பட்டது. ஒன்ராறியோவில் 2025 ஜனவரி 28 இல் தொடங்கிய ஹோம் ரெனோவேசன் சேவிங்ஸ் திட்டத்தை மின்சாரச் சேமிப்புக்கான சேவ் ஒன் எனர்ஜியும் எரிவாயு நிறுவனமான என்பிரிட்ஜ் கேஸும் சேர்ந்து நடத்துகின்றன. தொடங்கியபோது அதில் ஒரு யன்னல் திறப்புக்குக் கிடைத்தது 100 டொலர்தான். தொகைகளும் விதிகளும் இடையில் மாறுவதால், கையெழுத்து வைக்கும் நாளன்றே அவர்களின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

காசு கைநழுவுவதற்கு முதற்காரணம் வேலையை முந்திச் செய்துவிடுவது. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் போன்ற சிலவற்றுக்கு, வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று அளக்கும் சோதனை தேவையில்லை. ஆனால் சோதனை வேண்டிய வேலைகளுக்கு, பதிவு பெற்ற எனர்ஜி அட்வைசர் முதலில் வீட்டுக்கு வந்து அளக்க வேண்டும். அதன்பிறகுதான் வேலை, வேலை முடிந்ததும் இரண்டாவது சோதனை. அப்படியான வேலையில் அட்வைசர் வர முதல் இன்சுலேசன் (வெப்பம் தப்பாமல் தடுக்கும் பஞ்சு) ஊதிவிட்டால், பழைய நிலையை யாராலும் நிரூபிக்க முடியாது. விண்ணப்பமும் அத்தோடு முடிந்தது.

சோதனைக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். அற்றிக் மூடிக்குக் கீழே அலுமாரி இருந்தால் நகர்த்தி வையுங்கள். நெருப்படுப்பில் சாம்பல் இருந்தால் அள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அது அறையெல்லாம் பறக்கும். பேஸ்மென்டில் வாடகைக்கு ஆட்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லி அந்தக் கதவையும் திறக்கச் செய்ய வேண்டும். வாசற்கதவில் துணிச்சட்டமும் பெரிய விசிறியும் பூட்டி, உள்ளேயிருக்கும் காற்றை 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரும்வரை வெளியே இழுப்பார்கள். விசிறி ஓடும்போது ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வெளிச்சுவரில் உள்ள பிளக் முன்னால் பிடியுங்கள். புகைக்கோடு சுவரிலிருந்து விலகி அறைப்பக்கம் சாய்கிற இடமெல்லாம் குளிர் நுழையும் துளை. அற்றிக் மூடியின் விளிம்பு, பேஸ்மென்டில் அத்திவாரச் சுவருக்கு மேலே மரச்சட்டம் உட்காரும் இடம், சாக்கடைக் குழாய் மேலேறும் ஓட்டை, இவை மூன்றையும் தவறாமல் பாருங்கள்.

வேலைக்கு ஒழுங்கு உண்டு: முதலில் அடைப்பு, பிறகு இன்சுலேசன், பிறகு காற்றோட்டம், கடைசியில்தான் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அல்லது ஹீற் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் மின் இயந்திரம்). துளைகளை அடைக்காமல் மேலே பஞ்சைக் கொட்டினால் ஈரக்காற்று அதனூடாகவே ஏறிக் கூரைப்பலகையில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். ஃபர்னஸ் புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் அடிக்கக் கூடாது. தகரமும் நெருப்புத் தாங்கும் பசையும்தான் அங்கே போட வேண்டும். செலுலோஸ் (காகிதத் துகள்) என்றால் ஆர்-60 க்கு (ஆர் அளவு கூடக் கூட வெப்பம் தப்புவது குறையும்) கிட்டத்தட்ட 17 அங்குல உயரம் வரும். ஊதுவதற்கு முன் கூரையோரக் காற்றுவழிகளைப் பஞ்சு அடைக்காதபடி தடுப்புத்தட்டு வைத்தார்களா, குளியலறை விசிறிக் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா என்று படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அற்றிக்கில் சாம்பலும் பொன்னிறமும் கலந்த, சிறுகல் போன்ற துகள் கண்டால் தொடவே வேண்டாம். அது வெர்மிகுலைட், அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். பரிசோதனைக்கூட முடிவு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

காற்றோட்டத்தைத் தனியாகச் சொல்லக் காரணம் எங்கள் குசினி. புட்டும் இடியப்பமும் அவிக்கிற வீட்டில் நாளாந்தம் நிறைய நீராவி எழும்பும். கசியும் பழைய வீட்டில் அது தானே வெளியேறிவிடும். இறுக்கமாய் அடைத்த வீட்டில் யன்னல் கண்ணாடியில் வழிந்து, அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாய்ப் பூக்கும். அடுப்புக்கு மேலுள்ள விசிறி உள்ளேயே சுழற்றாமல் குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். வெப்பத்தைக் காப்பாற்றிக்கொண்டு காற்றை மாற்றும் எச்ஆர்வி பொருத்துவது பற்றியும் அட்வைசரிடம் கேளுங்கள். கடுங்குளிரில் ஈரப்பதம் 30, 35 வீதத்தில் நின்றால் நல்லது.

ஹீற் பம்புக்கு விலை சொல்பவர் வீட்டின் சதுர அடியை மட்டும் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். வெப்ப இழப்பைக் கணக்கிட்டுத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். அதுவும் இன்சுலேசன் முடிந்த பிறகு கணக்கிட்டால் சிறிய இயந்திரமே காணும்.

பத்திரங்களில் எங்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டு உறுதியில் அப்பாவின் பெயர் கடைசியில், கேஸ் பில்லில் முதலில், பற்றுச்சீட்டில் வெறும் முதலெழுத்து என்று இருந்தால் விண்ணப்பம் இழுபடும். வேலை தொடங்க முன்னரே எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலாக்குங்கள். பற்றுச்சீட்டில் பொருளின் பெயர், பரப்பளவு, முன்னிருந்த ஆர் அளவு, சேர்த்த ஆர் அளவு நான்கும் வேண்டும். புது யன்னலின் எனர்ஜி ஸ்டார் ஒட்டியை இரண்டாவது சோதனை முடியும்வரை உரிக்காதீர்கள்.

“அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறோம்” என்று கதவைத் தட்டுகிறவர்களை நம்ப வேண்டாம், தமிழில் பேசினாலும். அழைக்காமல் வீட்டுக்கு வந்து ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீற்றர் ஒப்பந்தம் போடுவதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடைசெய்திருக்கிறது. மாதம் இவ்வளவு என்று மட்டும் சொன்னால், விற்பனையா வாடகையா என்று நேரே கேளுங்கள். வாடகைக்குக் கையெழுத்து வைத்து, வீட்டை விற்கப் போகும்போதுதான் அந்தக் கம்பனி வீட்டு உறுதியில் ஏற்றிய உரிமைப் பதிவைக் கண்டவர்கள் ஏராளம். நுகர்வோர் பொருட்களுக்கு அத்தகைய பதிவுகளை 2024 ஜூனில் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பிரதி கைக்கு வந்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். அதை எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கு ஆதாரமும் வைத்திருங்கள்.

வருமானம் குறைந்தவர்கள் முதலில் தேட வேண்டியது இலவச உதவியை. என்பிரிட்ஜின் ஹோம் வின்டர்புரூஃபிங் திட்டத்தில் தகுதியுள்ள வீட்டுக்கு இன்சுலேசனும் காற்றடைப்பும் இலவசமாகச் செய்வார்கள். மின்சாரப் பக்கத்தில் எனர்ஜி அஃபோர்டபிலிற்றி திட்டம் உண்டு. வாடகைக்கு இருப்பவர்களும் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம், வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் இருந்தால் வேலை தடங்கலில்லாமல் நடக்கும்.