மதகுக்குப் பின்னால் ஒரு எண்டர்

"மாமா, இது ரெண்டாவது கேள்விக்கு நிக்கவே மாட்டேங்குது."

கும்பகோணம், வீட்டுத் திண்ணை. அக்கா மகள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். தாத்தாவுக்காக சி மொழியில் ஒரு குட்டி நிரல். எத்தனை மா நிலம் என்று கேட்கும். அப்புறம் பயிர்: குறுவைக்கு கே, சம்பாவுக்கு எஸ்.

6 என்று தட்டி எண்டர் அடித்தாள். பயிர் எது என்று கேட்ட கையோடு, பதிலுக்குக் காத்திராமல் 'தவறான பயிர்' என்றது.

தட்டினதை வாங்கித் தரும் சி கட்டளை ஸ்கேன்எஃப், 6-ஐ மட்டும்தான் எடுத்தது. அவள் அடித்த எண்டர், தட்டினதெல்லாம் காத்திருக்கும் இடமான பஃபரிலேயே கிடந்தது. அடுத்து ஓர் எழுத்து கேட்டதும் முந்திக்கொண்டு அதுதான் போய் நின்றது. அதுவும் எழுத்துதானே, எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி பட்டியலில் எண் 10.

பயிரின் எழுத்தை வாங்கும் ஸ்கேன்எஃப்பில், சதவீதக் குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விடச் சொன்னேன். மிச்சமிருக்கும் எண்டரை அது தாண்டிவிடும். சரியாகிவிட்டது. (நான் படித்த காலத்தில் பஃபரைக் காலி செய்ய எஃப்ஃப்ளஷ் என்ற கட்டளையைப் போட்டு ஒப்பேற்றியவன். உள்ளீட்டுக்கு அது வேலை செய்யும் என்று சி மொழியின் தரநிலை உறுதி தருவதில்லை.)

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "எண்டர் அடிக்கிற வரைக்கும் தட்டினதெல்லாம் எங்கடா இருக்கும்?"

"மதகுக்குப் பின்னாலப்பா. எண்டர் அடிச்சாத்தான் பலகையைத் தூக்கின மாதிரி."

"மேட்டூர் அணை மாதிரி ஜூன் 12 வரைக்குமா?" என்றார்.