ஒரு ‘எஃப்’ எழுத்தும் ஒரு வழக்கும்

பொடி வகைகள் தயாரித்து விற்கும் என் மைத்துனர், தம் கடைப் பெயரிலுள்ள டாட் காம் முகவரியை யாரோ பதிந்து வைத்துக்கொண்டு விலை பேசுவதாகச் சென்ற வாரம் என்னிடம் வருந்தினார். "முதலில் பணம் கட்டியவருக்குத்தானே பெயர் சொந்தம்?" என்றும் கேட்டார். டொமைன் என்னும் இணைய முகவரிப் பெயர்களைப் பதிந்து தரும் பதிவாளர்கள் முந்திக் கேட்டவருக்குப் பெயரைக் கொடுத்துவிடுவார்களே தவிர, அதில் வேறு எவருக்கேனும் உரிமை உண்டா என்று ஆராய்வதில்லை; ஆகவே அவர் அப்படி எண்ணியதில் வியப்பில்லை.

அவருக்கு நான் சிஃபி வழக்கைச் சொன்னேன். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயரிலிருந்தே எழுத்துகளை எடுத்து ‘சிஃபி’ என்ற சொல்லை உருவாக்கி, 1999இல் அச்சொல் கொண்ட டொமைன்களைப் பதிந்தது. அவ்வாண்டே அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் அச்சொல்லையே தன் பங்குக் குறியீடாகக் கொண்டு நுழைந்தது. 2001இல் வேறொரு நிறுவனம், ஓர் ‘எஃப்’ எழுத்தை மட்டும் கூடுதலாகச் சேர்த்து ஏறத்தாழ அதே பெயரில் இணையதளம் தொடங்கியது. கேட்டதற்கு, தன் ஐந்து நிறுவனர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து அமைந்த பெயர் அது என்று விளக்கம் சொன்னது. (ஐந்து பேரின் எழுத்துகளும் அவ்வளவு வசதியாக வந்து வாய்த்தனவாம்!) சத்யம் இன்ஃபோவே வழக்குத் தொடுத்தது. அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாதென்று பெங்களூரு சிவில் நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் நீக்கியது, 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மீட்டது. டொமைன் தகராறுகளுக்கெனத் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், பிறர் நற்பெயரைத் தன்னுடையதாகக் காட்டி வணிகம் செய்வதைத் தடுக்கும் ‘பாசிங் ஆஃப்’ கோட்பாடு டொமைன் பெயருக்கும் பொருந்தும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நீதிமன்றம் ஏறாமலும் வழியுண்டு. டாட் காம் பெயர்களுக்கு, உலகளவில் டொமைன் பெயர் அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் யூடிஆர்பி என்ற தகராறு தீர்வு நடைமுறை 1999 முதல் இருக்கிறது. அதில், பெயர் தீய நோக்கோடு பதியப்பட்டது, அவ்வாறே பயன்படுத்தப்பட்டது என்ற இரண்டையும் காட்ட வேண்டும். இந்தியாவுக்குரிய டாட் இன் பெயர்களுக்கான ஐஎன்டிஆர்பி என்ற தகராறு தீர்வு நடைமுறையிலோ இரண்டில் ஒன்று போதும். இவ்விரு நடைமுறைகளிலும் நஷ்டஈடு கிடைக்காது; பெயர் மாற்றித் தரப்படும் அல்லது ரத்தாகும்.

பதிவுச் செலவுக்கு மேல் விலை வைத்து வணிகக்குறியின் உரிமையாளரிடமே விற்க முயல்வது தீய நோக்கத்துக்கான சான்றாக யூடிஆர்பி விதியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. எனவே பழைய பில் புத்தகங்கள், லேபிள்கள், விளம்பரங்கள் ஆகியவற்றோடு, அந்த ஆள் விலை கேட்டு அனுப்பிய செய்தியையும் பத்திரப்படுத்தச் சொன்னேன். கோபத்தில் அன்றே அதை அழித்துவிட்டதாக மைத்துனர் மெல்லச் சொன்னார்.