பார்த்துட்டேன் சார்

"எஸ்கார் இருக்கான்னு பார்த்தீங்களா சிஸ்டர்?"

"பார்த்துட்டேன் சார். இல்ல."

எஸ்கார் என்றால் உண்ணிக் காய்ச்சலில், அதாவது ஸ்க்ரப் டைபஸில், பூச்சி கடித்த இடத்தில் வரும் புண். டாக்டர் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மூன்று வருஷம் ஆகப்போகிறது. அந்த ஷீட் ரெக்கார்டு ரூமில் எங்கேயோ கட்டோடு கிடக்கும். அதில் இருக்கும் 'இல்லை' என்னுடையது.

நான் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கழுத்து, காதுக்குப் பின்னால், இரண்டு அக்குள், முதுகு, முழங்கால் மடிப்பு வரைக்கும் பார்த்தேன். ரவிக்கைக் கொக்கியில் கை வைத்ததும், காய்ச்சலோடு படுத்திருந்த அந்த வயசான ஆயா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வாணாம் நர்சம்மா. அங்கல்லாம் ஒண்ணும் இல்ல. ஆம்பளைங்க நிக்கிறாங்க பாரு." நின்றார்கள்தான். பெண்கள் வார்டு என்று பெயர், கூட இருப்பவர்களில் பாதிப் பேர் மகன், மருமகன். வார்டுக்கு இருந்த ஒரே ஸ்கிரீன் அப்போது மூலைக் கட்டிலில், கதீட்டர் போடுகிற இடத்தில் இருந்தது. "சரி ஆயா, விடு" என்றேன். அவர் கையில் நடுக்கம் இருந்தது. காய்ச்சல் நடுக்கமா, கூச்சமா என்று அப்போது யோசிக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் கேட்டபோது, "பாதிதான் பார்த்தேன் சார், காட்ட மாட்டேங்கிறாங்க" என்று சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய வாக்கியம். ஏன் சொல்லவில்லை என்பதற்கு இன்றுவரை என்னிடம் நேரான பதில் இல்லை. கார்த்திகை மாசம், டெங்கு சீசன், ஒரு கட்டிலுக்கு ஒன்றரை ஆள், நைட்டுக்கு நான் ஒருத்தி. எல்லாம் உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்ல இன்னொரு நர்ஸ் தேவைப்பட்டிருக்காது.

எங்கள் பக்கத்தில் மழை முடிந்து குளிர் தொடங்கும்போது டெங்குவும் உண்ணிக் காய்ச்சலும் சேர்ந்தே வரும். இரண்டிலும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, பிளேட்லெட் இறக்கம். ரத்தப் பரிசோதனை உண்ணிக் காய்ச்சலை முதல் வாரத்தில் பல நேரம் காட்டிக்கொடுக்காது. அப்போது கையில் இருக்கும் ஒரே துப்பு அந்தப் புண்தான். பீடியால் சுட்டு ஆறின மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது. அதனால் உடம்புக்காரருக்கே தெரியாது. துணி இறுக்குகிற இடம், வியர்வை தங்குகிற இடம் பார்த்து உட்காரும். மார்புக்கு அடியில், தொடை இடுக்கில், பாவாடை நாடா கட்டும் வரியில். "ஒண்ணும் இல்ல" என்று ஆயா சொன்னது பொய் இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்துகொண்டு சொன்னவள் நான்.

உண்ணி என்ற பெயரும் சரியில்லை என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் ஜனங்கள் மாட்டையும் நாயையும் தேடுகிறார்கள். இது புல்லிலும் புதரிலும் காத்திருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு. கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். அதற்குள் எங்கே புல் அறுத்தோம் என்பதே மறந்துபோகும். "உங்க வீட்ல மாடு இருக்கா?" என்றுதான் நானும் கேட்டேன். மருமகள் இல்லை என்றாள்.

புண் இல்லை என்றதால் டெங்கு லைனில் போனோம். டிரிப்ஸ், பாரசிட்டமால், எதற்கும் இருக்கட்டும் என்று செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. அதைக் காலை மாலை போட்டது நான்தான். உண்ணிக் காய்ச்சல் கிருமி செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், செஃப்ட்ரியாக்சோன் அதை ஒன்றும் செய்யாது. கேட்கிற மருந்து டாக்சிசைக்ளின். சாதாரண மாத்திரை, நம் ஃபார்மசியிலேயே டப்பா டப்பாவாக இருந்தது. நேரத்துக்குக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும்.

மூன்றாம் நாள் விடியற்காலை ஆயாவுக்கு மூச்சு வாங்கியது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு நிற்காமல் இறங்கியது. 108ல் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். மத்தியானமே அங்கிருந்து டாக்டருக்கு போன். இடது மார்புக்கு அடியில், மடிப்புக்குள், எஸ்கார். "எப்படிப்பா மிஸ் பண்ணீங்க?" என்று கேட்டார்களாம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. "மடிப்புக்குள்ள இருந்திருக்கு சிஸ்டர், கண்ணுக்குத் தப்பிடும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன். அது இரண்டாவது பொய்.

எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் நியாயமும் ஒன்று இருக்கிறது. எல்லாருக்கும் எஸ்கார் வருவதில்லை. புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. ஐந்து நாள் காய்ச்சல், டெங்குவுக்குப் பார்க்கிற என்எஸ்1 டெஸ்ட் நெகட்டிவ், லிவர் என்சைம் ஏறியிருக்கிறது. புண்ணைப் பார்க்காமலே டாக்சிசைக்ளின் தொடங்கியிருக்கலாம், அது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. இப்படி யோசித்தால் ஒரு நாள் நிம்மதியாகத் தூங்குவேன். மறுநாள், அந்த முடிவை அவர் எதை நம்பி எடுத்தார் என்று தோன்றும்.

2023ல் வேலூர் சிஎம்சி தலைமையில் நடந்த ஆய்வு வந்தது. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்தால், தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று. சிஎம்இ என்கிற மருத்துவப் பயிற்சி வகுப்பு ஒன்றில் அதை விளக்கியபோது எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். ஆயாவை முற்ற விட்ட அந்த இரண்டு நாள்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆயா பிழைத்தார். வென்டிலேட்டர், டயாலிசிஸ் எல்லாம் தாண்டி வந்தார். தை கடைசியில் மருமகளைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஓ.பி.க்கு பி.பி. மாத்திரை வாங்க வந்தவர், என்னைப் பார்த்ததும் மஞ்சப்பையிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கையில் திணித்தார். கை எலும்பாக இருந்தது. ஏரிக்கரையில் ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனதை அப்போதுதான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க எல்லாரும் சேர்ந்து என் துணிய அவுத்துப் போட்டாங்க நர்சம்மா. வாணாம்னேன், யாரும் கேக்கல. நீ ஒருத்திதான் என் பேச்சைக் கேட்ட" என்றார்.

அவரைக் காப்பாற்றியது அவர் பேச்சைக் கேட்காதவர்கள். அதை நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேனா, அந்த நன்றியை விட மனசில்லையா, தெரியவில்லை.

இப்போது காய்ச்சல் என்று யார் வந்தாலும் முழுக்கப் பார்க்கிறேன். என் சம்பளத்தில் ஒரு பழைய பெட்ஷீட்டுக்குக் கயிறு தைக்கக் கொடுத்து, இரண்டு டிரிப்ஸ் ஸ்டாண்டுக்கு நடுவில் கட்டி மறைவு செய்துகொள்கிறேன். போன வாரம் ஒரு பாட்டி ஆயா மாதிரியே முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கெஞ்சினேன், மருமகளை விட்டுச் சொல்லச் சொன்னேன், கடைசியில் கையை விலக்கிப் பார்த்துவிட்டேன். உடம்பில் எங்கேயும் ஒன்றும் இல்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் பி.பி. பார்க்கப் போனபோதும் திரும்பவில்லை.